புதுப் பதிப்பு வந்தாயிற்று: அதை யாருக்கு, எப்போது, எப்படிச் சொல்வது?

ஏறக்குறைய மாதம் ஒருமுறை, உலகெங்கும் உள்ள சர்வர் நிர்வாகிகளுக்கு ஓர் அறிவிப்பு வருகிறது. அப்பாச்சி டாம்கேட் மென்பொருளின் இன்ன எண் கொண்ட பதிப்பு வெளிவந்துவிட்டது என்பது அதன் முதல் வரி. ஆண்டுக்கணக்காக அந்த வாசகம் மாறவில்லை. எண் மட்டும்தான் மாறும். அலங்காரம் கிடையாது, புரட்சி, புதுயுகம் என்ற பேச்சே கிடையாது. விளம்பரத் துறையில் இருப்பவர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் காசு வாங்காமல் கொடுக்கப்படும் ஒரு சர்வர் மென்பொருளை ஊருக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கட்சி.

அப்ளிகேஷன் சர்வர் என்றால் என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். ஓட்டலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்த வடையை எடுத்துக் கொடுப்பது ஒரு வேலை. நீங்கள் கேட்ட பிறகு கல்லில் மாவு ஊற்றித் தோசை வார்ப்பது வேறு வேலை. படம், கட்டுரை போன்ற தயார்ச் சரக்கை எடுத்து நீட்டுவது சாதாரண வெப் சர்வர். கணக்கில் எவ்வளவு பணம் மிச்சம், இந்த ரயிலில் இடம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கும் அந்த நொடியில் நிரலை ஓட்டி, தரவுத்தளத்தைப் பார்த்து, விடையைப் பக்கமாக்கித் தருவது அப்ளிகேஷன் சர்வர். ஜாவா மொழியில் எழுதிய நிரல்களுக்கு இந்த வேலையைச் செய்பவற்றில் மிகப் பரவலான ஒன்று டாம்கேட். கறாராகப் பேசுகிறவர்கள் அதை சர்வ்லெட் கன்டெய்னர் என்பார்கள். வைல்டுஃபிளை, கிளாஸ்ஃபிஷ் போன்ற முழு அளவு சர்வர்களில் உள்ள எல்லா வசதியும் இதில் இல்லை. அலுவலகங்களில் அந்த வேறுபாட்டை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. நாமும் இங்கே பார்க்க வேண்டாம்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் தொடங்கிய இந்த மென்பொருள் 1999-ல் அப்பாச்சி அறக்கட்டளையின் கைக்கு வந்தது. பெயர் வைக்கும்போதே அவர் கொஞ்சம் விளம்பரமும் யோசித்திருக்கிறார். ஓரைலி பதிப்பகத்தின் கணினிப் புத்தகங்களின் அட்டையில் ஏதாவது ஒரு விலங்கு இருக்கும். தன் மென்பொருளுக்கும் ஒருநாள் அப்படி ஒரு புத்தகம் வரட்டும் என்று, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்த பிராணியாக ஆண் பூனையை (ஆங்கிலத்தில் டாம்கேட்) தேர்ந்தெடுத்தார். 2003-ல் புத்தகம் வந்தது. ஆனால் அந்தப் பூனை ஏற்கெனவே வேறொரு புத்தகத்துக்குப் போயிருந்தது. டாம்கேட்டுக்குக் கிடைத்தது பனிச்சிறுத்தை.

இனி அறிவிப்புக்கு வருவோம். திறந்த மூல மென்பொருளில் ஒரு சிக்கல் உண்டு: எல்லாமே எப்போதும் திறந்து கிடக்கிறது. நேற்று இரவு ஒருவர் மாற்றிய வரி இன்று காலை யார் கண்ணிலும் படும். அதை இறக்கி, தொகுத்து, ஓட்டியும் பார்க்கலாம். அப்படியானால் புதிய பதிப்பு வந்துவிட்டது என்று எந்த நிமிடத்தில் சொல்வது?

அப்பாச்சியில் அதற்கு விடை, ஓட்டெடுப்பு. ரிலீஸ் மேனேஜர் என்ற பொறுப்பை ஏற்பவர் ஒரு வேட்பாளர்ப் பதிப்பைத் தயார் செய்து, தன் சாவியால் மின்கையொப்பம் இட்டு, குழுவின் முன் வைக்கிறார். உறுப்பினர்கள் அதை இறக்கிச் சோதிக்க வழக்கமாகக் குறைந்தது 72 மணி நேரம் தரப்படுகிறது. திட்டத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து மூன்று ஆதரவு ஓட்டாவது விழ வேண்டும். எதிர்ப்பைவிட ஆதரவு கூடுதலாக இருக்க வேண்டும். நிரலில் செய்யும் மாற்றத்தை ஒருவர் வீட்டோ போட்டுத் தடுக்கலாம். வெளியீட்டை அப்படித் தனியொருவர் தடுக்க முடியாது. ஓட்டு தோற்றால் டாம்கேட் குழு அந்த எண்ணையே விட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுகிறது. மாற்றப் பட்டியலைப் புரட்டினால் சில எண்களுக்கு நேரே 'வெளியிடப்படவில்லை' என்ற குறிப்பு நிற்பதைக் காணலாம். எங்கோ காணாமல் போன பதிப்பு என்று நினைக்க வேண்டாம். தேர்வில் தேறாதது, அவ்வளவுதான்.

இந்த ஓட்டு முடியும் வரை பொதுமக்களிடம் மூச்சு விடக்கூடாது என்பது அறக்கட்டளையின் விதி. வேட்பாளர்ப் பதிப்பையோ, இரவுதோறும் தானாகத் தொகுக்கப்படும் பதிப்பையோ நிரலாளர் அல்லாதவர் எடுத்துப் பயன்படுத்தத் தூண்டும் சுட்டி திட்டத்தின் தளத்தில் இருக்கக் கூடாது. எல்லாம் வெளிப்படை என்று சொல்லிக்கொள்பவர்கள் ஏன் இப்படி வாயைக் கட்டுகிறார்கள் என்று தோன்றலாம். ஒளித்து வைப்பது வேறு, கூவி விற்காமல் இருப்பது வேறு. தேடி வருகிற நிரலாளருக்கு எல்லாம் கிடைக்கும். அறக்கட்டளை தன் பெயரைப் போட்டு 'இதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வது மட்டும், ஓட்டில் தேறிய சரக்குக்குத்தான்.

ஓட்டு முடிந்த கையோடும் சொல்லிவிட முடியாது. கோப்புகள் பதிவிறக்கச் சர்வர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். உலகெங்கும் பல நிறுவனங்கள் இலவசமாக நடத்திய மிரர் தளங்களை அப்பாச்சி நம்பியிருந்த காலத்தில், நகல் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரட்டும் என்று சுமார் ஒரு நாள் காத்திருந்துதான் அறிவிப்பார்கள். முந்திக்கொண்டு சொன்னால் ஆசையோடு வருகிறவருக்குக் 'கோப்பு இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும். இப்போது காத்திருப்பு குறைந்துவிட்டாலும் வரிசை அதேதான்: முதலில் சரக்கு, பிறகு சத்தம்.

அறிவிப்பில் என்ன எழுதுகிறார்கள்? பெயர், பதிப்பு எண். இந்த மென்பொருள் என்ன செய்யும் என்று ஓரிரு வரி. இது தேவையில்லை என்று பலர் விட்டுவிடுவார்கள். பெயர் தெரிந்தவர்தானே படிக்கப்போகிறார் என்ற நினைப்பு. ஆனால் அந்த அறிவிப்பு கை மாறி ஒரு மேலாளரிடம் போகும்போது அவருக்கு உதவுவது அந்த வரிதான். அடுத்து, போன பதிப்பிலிருந்து குறிப்பிடத்தக்க மூன்று நான்கு மாற்றங்கள். முழுப் பட்டியல் வேண்டுபவருக்கு அது இருக்கும் இடம். பதிவிறக்கும் பக்கம். பழைய பதிப்பிலிருந்து மாறுவதற்கான வழிகாட்டி. கடைசியில் தனி ஆளின் புகழ்ப்பெயர் இல்லாமல், டாம்கேட் குழு என்ற கையொப்பம்.

பதிவிறக்கப் பக்கத்துக்குத்தான் சுட்டி தர வேண்டும், நேராகக் கோப்புக்குத் தரக்கூடாது என்பதிலும் காரணம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் கோப்போடு மின்கையொப்பமும், எஸ்ஹெச்ஏ-512 என்ற சரிபார்ப்பு எண்ணும், கையொப்பமிட்டவர்களின் பொதுச் சாவிகளும் சேர்ந்து கிடைக்கின்றன. வழியில் யாராவது கோப்பை மாற்றி வைத்திருந்தால் சரிபார்ப்பில் காட்டிக்கொடுத்துவிடும். வங்கியின் பணத்தைக் கையாளும் மென்பொருளை எங்கிருந்தோ இறக்கி, சரிபார்க்காமல் ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

படிக்கிற நிர்வாகிக்கு உண்மையில் ஒரே கேள்விதான்: நான் இப்போது இதை ஏற்ற வேண்டுமா? அறிவிப்பின் ஒவ்வொரு வரியும் அதற்கு விடையளிக்க வேண்டும். டாம்கேட்டில் இது கொஞ்சம் சிக்கலான கேள்வி. 9, 10.1, 11 என்று ஒரே சமயத்தில் பல கிளைகள் ஓடுகின்றன. பெரிய எண்தான் நல்லது என்று எண்ணி 9-லிருந்து 10-க்குத் தாவினால் உங்கள் பழைய நிரல் நின்றுவிடும். காரணம் இது: ஜாவாவின் பெருநிறுவனப் பதிப்பை ஆரக்கிள் நிறுவனம் 2017-ல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முன்வந்தது. ஆனால் 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கும் பெயர்களைப் புதிய பதிப்புகளில் வளர்த்துப் பயன்படுத்துவது பற்றி இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. அதனால் நிரல்களுக்குள் இருக்கும் அந்தப் பெயர்களையெல்லாம் 'ஜகார்த்தா' என்று மாற்ற வேண்டியதாயிற்று. டாம்கேட் 9 பழைய பெயரில் நிற்கிறது; 10 முதல் புதிய பெயர். தேவைப்படும் ஜாவாவும் வேறு: டாம்கேட் 9-க்கு ஜாவா 8 போதும், 10.1-க்கு ஜாவா 11 வேண்டும், 11-க்கு ஜாவா 17 வேண்டும். இந்தப் பெயர் மாற்றம், வக்கீல்கள் பேசி முடிக்காததற்கு நிரலாளர்கள் கொடுத்த விலை. பழைய நிரலைத் தானே மாற்றிக்கொள்ளும் தனிக் கோப்புறை ஒன்றையும் டாம்கேட் 10-ல் வைத்தார்கள். இதையெல்லாம் சொல்லாமல் 'புதியது, வேகமானது' என்று மட்டும் அறிவித்திருந்தால் எத்தனை அலுவலகங்களில் திங்கட்கிழமை காலை விடிந்திருக்காது!

இன்னும் கடினமான பகுதி, பாதுகாப்பு ஓட்டைகள். எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லும் ஒரு குழு, ஓட்டை இருக்கிறது என்பதை எப்போது சொல்ல வேண்டும்?

2020-ன் கோஸ்ட்கேட் விவகாரம் இதற்கு நல்ல பாடம். டாம்கேட்டுக்கு முன்னால் வேறொரு வெப் சர்வர் நின்று அதனோடு பேசுவதற்கு ஏஜேபி என்ற வழி உண்டு. அப்போது அது வழக்கமாக 8009 என்ற போர்ட்டில் திறந்திருந்தது. நம்பகமான சர்வர்தான் அந்த வழியாகப் பேசும் என்ற எண்ணத்தில் கட்டியது. வெளியாள் அதைத் தொட முடிந்தால், நிரலின் உள்ளே கடவுச்சொல் எழுதி வைத்த கோப்புகளைக்கூடப் படித்துவிடலாம் என்று தெரியவந்தது. தகவல் டாம்கேட் குழுவுக்கு வந்தது ஜனவரி 3. பிப்ரவரி நடுவுக்குள் 9.0.31, 8.5.51, 7.0.100 என்று மூன்று கிளைகளிலும் திருத்திய பதிப்புகள் வந்துவிட்டன. அவற்றின் மாற்றப் பட்டியல்களில் ஏஜேபி இனித் தானாகத் திறந்திருக்காது, திறந்தாலும் உள்ளூர் முகவரியில் மட்டும் கேட்கும், ரகசியச் சொல் கட்டாயம் என்று எழுதியிருந்தது. ஏன் என்று எழுதவில்லை. அந்த ஏன் என்பதைக் குழு பிப்ரவரி 24-ல்தான் வெளியிட்டது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. திருத்தம் கைக்கு வரும் முன்பே ஓட்டையைச் சொன்னால் முதலில் பயன் பெறுகிறவன் திருடன். சில நாள் இடைவெளி விட்டால் ஒழுங்காக அப்டேட் செய்கிறவர்கள் காப்பாற்றப்படுகிறார்கள். ஆனாலும் திருத்தம் பொதுவெளியில் இருப்பதால், கவனித்துப் படிக்கத் தெரிந்தவன் ஊகித்துவிடலாம்; ஆகவே அந்த இடைவெளியை நீட்டிக்கொண்டே போகவும் முடியாது. கோஸ்ட்கேட்டில் இன்னொரு பக்கமும் உண்டு. அறிவிப்பைப் படிக்காமல் ஏற்றியவர்களில், ஏஜேபி வழியை நம்பியிருந்தவர்களின் தளங்கள் ரகசியச் சொல் இல்லாததால் நின்றுபோயின. அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் போதும்.

இதற்கு நேர்மாறாக நடந்தது 2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் பயன்படுத்தும் லாக்4ஜே நூலகத்தில். திருத்திய பதிப்பு பலர் கைக்குப் போகும் முன்பே தாக்கும் முறை ஊரெல்லாம் பரவிவிட்டது. சில வாரங்களுக்குள் 2.15, 2.16, 2.17 என்று அடுத்தடுத்துப் பதிப்புகள் விட வேண்டிவந்தது. ஒவ்வொரு முறையும் 'போனதைவிட இதை ஏற்றுங்கள்' என்று சொல்ல நேர்ந்த அந்தத் தன்னார்வலர்களின் நிலையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஓட்டையை அறிவிக்கும்போது யாருக்கு ஆபத்து, யாருக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 மார்ச்சில் டாம்கேட் வெளியிட்ட ஒரு எச்சரிக்கை அப்படித்தான் இருந்தது. கோப்பு எழுதும் அனுமதியைத் திறந்து வைத்திருந்தால்தான் பாதிப்பு. இயல்பாக அது மூடியே இருக்கும். வேறு சில நிபந்தனைகளும் சேர வேண்டும். செய்தித் தலைப்புகள் கோடிக்கணக்கான சர்வர்களுக்கு ஆபத்து என்ற தொனியில் பேசலாம். குழுவின் அறிவிப்பு பேசக் கூடாது.

அறிவிப்பு யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. டாம்கேட்டை ஓட்டுகிற பலருக்கு அதை ஓட்டுகிறோம் என்பதே தெரியாது. ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பைக் கொண்டு எழுதிய நிரலில் டாம்கேட் வழக்கமாக உள்ளேயே பொதிந்து வரும். 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3, டாம்கேட் 10.1-க்கு மாறிக்கொண்டது. டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்களும் தங்கள் பங்குக்குப் பொதிந்து தருகின்றன. எனவே அறிவிப்பின் முக்கியமான வாசகர்கள் இப்படிப் பொதிந்து தருகிறவர்கள்தான். அவர்கள் படித்து வேலையை முடித்தால் மற்றவர்களுக்குத் தானாகப் போய்ச் சேரும். அலங்காரம் இல்லாத, ஒரே வடிவத்தில் வரும் அறிவிப்பு இவர்களுக்குத்தான் வசதி. கண்ணை ஓட்டினாலே புதிது எது என்று தெரிந்துவிடும்.

பெயர்க் குழப்பம் அறிவிப்பை எப்படிக் கெடுக்கும் என்பதற்கு ஜேபாஸ் என்ற அப்ளிகேஷன் சர்வர் ஒரு சாட்சி. சமூகம் இலவசமாக விட்ட சர்வருக்கும் ரெட் ஹேட் நிறுவனம் சந்தாவுக்கு விற்ற பொருளுக்கும் அதே பெயர். புதிய ஜேபாஸ் வந்துவிட்டது என்றால் எது என்று கேட்க வேண்டியிருந்தது. 2013-ல் சமூகப் பதிப்புக்கு வைல்டுஃபிளை என்று பெயர் மாற்றினார்கள். 2014-ல் அந்தப் பெயரில் முதல் பதிப்பாக வைல்டுஃபிளை 8 வந்தது.

வந்ததைச் சொல்வதுபோல் போவதையும் சொல்ல வேண்டும். டாம்கேட் குழு ஒரு கிளையை நிறுத்தப்போகும் தேதியை வெகு முன்பே அறிவித்துவிடுகிறது. 7-ம் கிளை 2021 மார்ச் 31-ல் முடிந்தது, 8.5 கிளை 2024 மார்ச் 31-ல். அந்தத் தேதிக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அவற்றில் திருத்தம் வராது; அவை பாதிக்கப்படுகின்றனவா என்று குழு சோதித்துச் சொல்லவும் கடமைப்படவில்லை. உங்கள் அலுவலகத்தில் டாம்கேட் ஓடினால், அதன் 'பின்' (bin) என்ற கோப்புறையில் வெர்ஷன் என்ற பெயரில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் இருக்கும். அதை ஓட்டி எண்ணைப் பாருங்கள். 8-லோ அதற்குக் கீழோ தொடங்கினால், மாறும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.