ஆராய்ச்சி மணி அடித்த தாய்

பிள்ளை வீடு திரும்ப அரை மணி நேரம் தாமதமானால் பெற்றவள் மனம் என்ன பாடுபடும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எங்கெங்கோ உள்ள ஊர்களிலிருந்து வந்து வேலை பார்க்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் காரியம் ஊருக்குப் போன் செய்வதுதான். "வந்து சேர்ந்துட்டேம்மா" என்ற இரண்டு வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் அங்கே தாய்க்குத் தூக்கம்.

அந்த இரண்டு வார்த்தை ஒரு நாள் வராமலே போய்விட்டால்? போலீஸ் ஸ்டேஷனில் போய் விசாரித்தால், "எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று கையை விரித்துவிட்டால்? பிள்ளையை அழைத்துக்கொண்டு போனவர்களே அவர்கள்தான் என்பது பெற்றவளுக்குத் தெரிந்திருந்தால்?

அப்படிப்பட்ட ஒரு தாயின் வாழ்க்கையைச் சினிமாவாக எடுத்திருக்கிறார்கள். படத்தின் பெயர் 'ராணி'. 2025 ஜனவரி 30-ந் தேதி இலங்கையில் வெளியான சிங்களப் படம். டைரக்டர் அசோக ஹந்தகம. ராணியாக நடித்திருப்பவர் சிங்களப் படவுலகின் மூத்த நடிகை ஸ்வர்ணா மல்லவாரச்சி. தயாரித்தவர்கள் நம் ஊர் ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த லைக்கா நிறுவனத்தார். கதாநாயகியோ ஒரு தமிழ்ப் பெண்மணி. கற்பனைப் பாத்திரமல்ல, நம் காலத்தில் வாழ்ந்து மறைந்தவர்!

யார் இந்த ராணி?

டாக்டர் மனோராணி சரவணமுத்து என்பது அவருடைய முழுப் பெயர். கொழும்பில் மருத்துவத் தொழில் செய்து வந்தவர். வீட்டில் புழங்கிய பாஷை பெரும்பாலும் ஆங்கிலம். அவர் மணந்தது லூசியன் டி சொய்சா என்ற சிங்களவரை. கிரிக்கெட், நாடகம், வானொலி என்று பல துறைகளிலும் பெயரெடுத்தவர் அவர். பிற்பாடு தம்பதிகள் பிரிந்தார்கள். மகன் ரிச்சர்ட், தாயோடு இருந்தான்.

ரிச்சர்ட் டி சொய்சாவுக்குக் கலை ரத்தத்தில் ஊறியிருந்தது. மேடையில் நடித்தான், கவிதை எழுதினான், டெலிவிஷனில் செய்தி வாசித்தான். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த 'யுகாந்தய' (1983) என்ற புகழ் பெற்ற படத்தில் முக்கிய வேஷம் தாங்கினான். பிறகு 'இன்டர் பிரஸ் சர்வீஸ்' என்ற சர்வதேசச் செய்தி ஸ்தாபனத்துக்குக் கொழும்பிலிருந்து செய்தி அனுப்பும் நிருபரானான். அவன் அனுப்பிய செய்திகள் ஆட்சியாளர்களுக்கு இனிப்பாக இருக்கவில்லை.

அது எப்படிப்பட்ட காலம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். வடக்கே தமிழர் பகுதிகளில் யுத்தம். தெற்கே சிங்கள இளைஞர்களின் ஜே.வி.பி. இயக்கம் 1987-லிருந்து ஆயுதக் கிளர்ச்சி நடத்திக் கொண்டிருந்தது. அவர்களும் ஈவிரக்கமின்றிக் கொன்றார்கள். அவர்களை அடக்கக் கிளம்பிய அரசுப் படைகளும், பெயர் தெரியாத கொலைக் கும்பல்களும் அதைவிடப் பன்மடங்கு கொன்று குவித்தன. கொல்லப்பட்டவர்களும் காணாமற் போனவர்களும் பல பதினாயிரம் என்பது பொதுவான கணக்கு. சாலை ஓரங்களில் டயர் போட்டு எரித்த சடலங்கள். ஆறுகளில் மிதந்து வந்த சடலங்கள்.

இலங்கையில் அப்போது ராணுவ சர்வாதிகாரி யாரும் ஆட்சியில் இல்லை. தேர்தலில் ஜெயித்த ஜனாதிபதி இருந்தார், பார்லிமெண்டு இருந்தது, கோர்ட்டுகள் திறந்துதான் இருந்தன. ஆனால் 1988-ல் அவசர காலச் சட்டத்தின் கீழ் ஒரு விதி வந்தது. பிரேத விசாரணை எதுவும் இல்லாமலே சடலத்தைப் புதைக்கவோ எரிக்கவோ போலீஸாருக்கு அதிகாரம் தந்த விதி அது. சடலம் இல்லையென்றால் சாட்சி இல்லை. சாட்சி இல்லையென்றால் வழக்கு இல்லை. பெற்றவளுக்கு ஈமக் கடன் செய்யக்கூட ஒரு பிடி சாம்பல் மிஞ்சாது. சர்வாதிகாரம் செய்கிற காரியத்தை ஒரு சட்ட விதியே செய்து விட்டது!

அந்த விடியற்காலை

1990 பிப்ரவரி 18. பொழுது விடிவதற்கு முன்னால் ராஜகிரியவில் இருந்த மனோராணியின் வீட்டுக் கதவை ஆயுதம் தாங்கிய ஆட்கள் தட்டினார்கள். சிலர் போலீஸ் உடுப்பில் இருந்தார்கள். தாயின் கண் முன்னாலேயே ரிச்சர்டை இழுத்துச் சென்றார்கள். எங்கே, எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

மறு நாள் மொறட்டுவைக் கடற்கரைப் பக்கம் அவனுடைய உடல் அகப்பட்டது. சுட்டுக் கொன்று கடலில் எறிந்திருந்தார்கள். அடையாளம் காட்டியவர் நண்பர் சிவராம்; பின்னாளில் தராக்கி என்ற பெயரில் எழுதிப் பிரசித்தி பெற்ற தமிழ்ப் பத்திரிகையாளர். (அவரும் 2005-ல் இதே மாதிரி கடத்திக் கொல்லப்பட்டார்.) ரிச்சர்டின் 32-வது பிறந்த நாளுக்குச் சரியாக ஒரு மாதம் பாக்கி இருந்தது.

புத்திர சோகத்தில் மூழ்கிய தாய் என்ன சொல்லியிருப்பாள்? மனோராணி சொன்னதைக் கேட்டு ஊரே திகைத்தது. 'இந்த நாட்டுத் தாய்மார்களில் நான் பாக்கியசாலி. என் மகனின் உடலாவது எனக்குக் கிடைத்தது. அதுவும் கிடைக்காத தாய்மார்கள் ஆயிரக் கணக்கில் இருக்கிறார்களே!' என்ற பொருள்படச் சொன்னார் அவர்.

இந்த ஒரு பேச்சில்தான் அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. தம் வீட்டுச் சாவுக்கு அழுதுகொண்டிருந்த போதே, பக்கத்து வீட்டுச் சாவையும், முன்பின் பார்த்திராத ஊர்களில் நடந்த சாவுகளையும் அவரால் நினைக்க முடிந்தது.

மிரட்டலும் மறுமொழியும்

சில மாதங்களுக்குப் பிறகு டெலிவிஷனில் செய்தி பார்த்துக் கொண்டிருந்த மனோராணி திடுக்கிட்டார். மகனை இழுத்துச் சென்றவர்களில் ஒருவர் திரையில் தெரிந்தார். அவர் உயர்ந்த பதவியில் இருந்த ஒரு போலீஸ் அதிகாரி! மனோராணி பயந்து வாயை மூடிக்கொள்ளவில்லை. அதிகாரியின் பெயரைக் குறிப்பிட்டுச் சத்தியப் பிரமாணமாகவே புகார் கொடுத்தார்.

பதிலுக்கு வந்தது ஒரு மிரட்டல் கடிதம். மகன் செத்ததற்குத் தாய் என்ற முறையில் அழுதுகொள், அதற்கு மேல் ஒன்றும் செய்யாதே, செய்தால் நீயும் சாவாய் என்பது அதன் சாரம். அவருடைய வழக்கறிஞருக்கும் இப்படியே மிரட்டல் வந்தது.

அழலாம், கேட்கக் கூடாது! தாய்மார்களுக்கு அதிகாரம் வகுத்த எல்லை அதுதான். அப்போது பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த மந்திரியும் கிட்டத்தட்ட இதையே பகிரங்கமாகச் சொன்னார். ஆர்ப்பாட்டம் செய்வது தாய்க்கு அழகல்லவாம். பிள்ளைகளை ஒழுங்காக வளர்க்கத் தவறியவர்கள் இப்போது தெருவுக்கு வருகிறார்களாம்!

தாய்மார்கள் தெருவுக்குத்தான் வந்தார்கள். 1990 ஜூலையில் தெற்கே மாத்தறையில் அன்னையர் முன்னணி என்ற அமைப்பு தோன்றியது. எதிர்க் கட்சி எம்.பி.க்களான மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்ஷவும் முன்னின்று உதவினார்கள். மனோராணி அதன் தலைவியானார்.

வேடிக்கையைப் பாருங்கள்: உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஏழைச் சிங்களக் கிராமத்துப் பெண்கள். தலைவியோ ஆங்கிலம் பேசும் கொழும்பு நகரத்துத் தமிழ் டாக்டர். இன வெறி கொழுந்து விட்டு எரிந்த நாட்டில் இப்படி ஒரு சேர்க்கையைச் சாதாரணமாக யாரும் எண்ணியிருக்க முடியுமா? பறிகொடுத்தவர்களுக்கு ஒருவரையொருவர் புரிந்துகொள்ள பாஷை தடையாக இருக்கவில்லை.

காளி கோயிலில் முறையீடு

நம் கதைகளில் ஒரு மனுநீதிச் சோழன் உண்டு. கன்றைப் பறிகொடுத்த பசு திருவாரூர் அரண்மனையின் ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் இறங்கி வந்தான். அந்தப் பசுவுக்கு அடிப்பதற்கு ஒரு மணியாவது இருந்தது. இலங்கைத் தாய்மார்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே அவர்கள் கோயிலுக்குப் போனார்கள்.

1992 ஜூன் 23. ஜனாதிபதி பிரேமதாசாவின் பிறந்த நாள். அன்றைக்குப் பார்த்து, கொழும்பு முகத்துவாரத்துக் காளியம்மன் கோயிலில் தாய்மார்கள் திரண்டார்கள். பௌத்தர்களான சிங்களப் பெண்கள் தமிழர் கோயிலில் நின்று தேங்காய் உடைத்தார்கள். மாரில் அடித்துக்கொண்டு கதறினார்கள். பிள்ளைகளைக் கொண்டுபோனவர்கள் நாசமாய்ப் போகட்டும் என்று சாபமிட்டார்கள். ஊர்வலத்துக்குத் தடை போடலாம். கூட்டத்துக்குத் தடை போடலாம். அம்மன் சந்நிதியில் ஒரு தாய் அழுவதற்கு எந்தச் சர்க்காரால் தடை போட முடியும்?

இந்த யுக்தி உலகின் மறு கோடியில் முன்பே பலித்த ஒன்று. அர்ஜெண்டினாவில் ராணுவ ஆட்சி நடந்தபோது, 1977 ஏப்ரல் 30-ல் பதினான்கு தாய்மார்கள் ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே உள்ள மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது என்று போலீஸார் விரட்டினார்கள். சரி, நிற்கவில்லை என்று அவர்கள் சுற்றிச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள்! தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியே பிறகு அவர்களுடைய அடையாளமாயிற்று.

பிரேஸிலில் ஜூஜூ ஏஞ்சல் என்ற உடை அலங்கார நிபுணரின் மகனை 1971-ல் ராணுவ ஆட்சி விழுங்கியது. தாய் என்ன செய்தார்? தாம் தைக்கும் உடைகளிலேயே யுத்த விமானங்களையும் கூண்டுப் பறவைகளையும் பூவேலையாகப் போட்டு வெளிநாட்டார் முன்னிலையில் காட்டினார். 1976-ல் கார் விபத்து என்ற பெயரில் அவர் கதையையும் முடித்தார்கள். 2006-ல் அவருடைய வாழ்க்கையும் படமாக வந்தது.

படத்தைப் பற்றிய சர்ச்சை

'ராணி' படம் இலங்கையில் திரள் திரளாக ஜனங்களை இழுத்தது. கூடவே சர்ச்சையையும் கிளப்பியது. படத்தில் ராணி சிகரெட் பிடிக்கிறார், மது அருந்துகிறார். மனோராணியை நேரில் அறிந்த சிலருக்கு இது பிடிக்கவில்லை. உண்மைச் சம்பவங்களோடு கற்பனையைக் கலந்து விட்டார்கள் என்பது அவர்களுடைய குறை. உண்மையான மனிதரைப் பற்றிப் படமெடுக்கும்போது எவ்வளவு தூரம் கற்பனை செய்யலாம் என்ற கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நியாயம் கேட்கும் தாய் மாசு மறுவற்ற தெய்வமாக இருந்தால்தான் அவள் சொல் அம்பலம் ஏறுமா? நல்ல தாய் வீட்டோடு இருப்பாள் என்று சொன்ன மந்திரியின் அளவுகோலையே நாமும் கையில் எடுத்துக்கொள்ளலாமா? சிகரெட்டை எண்ணுவதை விட்டு, அவர் கேட்ட கேள்வியை எண்ணிப் பார்ப்பதுதான் பொருத்தம்.

நியாயம் கிடைத்ததா?

கிடைக்கவில்லை. 1993 மே தினத்தன்று கொழும்பில் ஜனாதிபதி பிரேமதாசா வெடிகுண்டுக்குப் பலியானார். மனோராணி அடையாளம் காட்டிய அதிகாரியும் அதே குண்டு வெடிப்பில் மாண்டார். 1994-ல் ஆட்சி மாறியது. காணாமற் போனவர்களைப் பற்றி விசாரிக்கக் கமிஷன்கள் அமைந்தன. ரிச்சர்ட் கொலை வழக்கில் போலீஸ்காரர்கள் மூவர் மீது நடந்த விசாரணை 2005-ல் முடிந்தது; மூவரும் விடுதலையானார்கள். அந்தத் தீர்ப்பைக் கேட்க மனோராணி இல்லை. அவர் 2001-லேயே காலமாகி விட்டார்.

அன்று தாய்மார்களின் பக்கம் நின்ற மகிந்த ராஜபக்ஷ, காணாமற் போனவர்களின் விவரங்களை ஜெனீவாவுக்கு எடுத்துச் செல்லப் பார்த்து 1990 செப்டம்பரில் விமான நிலையத்தில் தடுக்கப்பட்டவர். 2005-ல் அவரே ஜனாதிபதியானார். 2009-ல் அவர் ஆட்சியில் யுத்தம் முடிந்தபோது, சரணடைந்த எங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டவர்கள் வடக்கே இருந்த தமிழ்த் தாய்மார்கள்!

அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2017 பிப்ரவரி 20-ந் தேதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் அருகே பிள்ளைகளின் படங்களை ஏந்தி உட்கார்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மற்றத் தாய்மார்கள் தொடர்ந்தார்கள். பதில் வருவதற்கு முன்பே அவர்களில் பலர் கண்ணை மூடிவிட்டார்கள்.

மனோராணிக்கு மகனின் உடல் கிடைத்திருந்தது. அழுது தீர்த்துவிட்டுத் தம் மருத்துவத் தொழிலைப் பார்த்துக்கொண்டு அவர் இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உடல் கூடக் கிடைக்காதவர்களுக்காக அவர் வெளியே வந்தார். சந்தர்ப்பம் கிடைத்தால் 'ராணி'யைப் பாருங்கள். கிளிநொச்சியில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களின் படத்தைப் பத்திரிகையில் காணும்போது, பக்கத்தைப் புரட்டுமுன் அவர்கள் கையில் இருக்கும் பிள்ளைகளின் முகங்களையும் கொஞ்சம் பாருங்கள்.