கண் முதலில் திரும்பட்டும்

அனிமேஷன் படத்தில் ஒரு பாத்திரம் தலையைத் திருப்பி இன்னொருவரைப் பார்க்கிறது. அரை நொடிதான். நொடிக்கு 24 பிரேம் என்பதால், அனிமேட்டரின் கையில் இருப்பவை 12 பிரேம்கள். அந்தப் பாத்திரம் யோசிக்கிறதா, வெறுமனே அசைகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

கணினி அனிமேஷனில் முதல் கட்டம் பிளாக்கிங். முக்கியமான நிலைகளை மட்டும் அமைத்து, காட்சி புரிகிறதா என்று பார்ப்பார்கள். அவற்றுக்கு இடைப்பட்ட அசைவுகளை அடுத்து கணினி நிரப்பும். அப்படி நிரப்பியதில் உடலின் எல்லாப் பாகங்களும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக நிற்கும். உயிருள்ள உடல் அப்படி இயங்குவதில்லை. இதைச் செப்பனிடுவதுதான் பாலிஷ் எனப்படும் கடைசிக் கட்டம்.

திருத்தங்கள் பெரும்பாலும் ஓரிரு பிரேம் அளவுதான். ஒன்றைப் பார்க்க நினைத்ததும் கண் முந்திக்கொள்ளும். ஆகவே கண்ணைச் சில பிரேம்கள் முன்னதாகத் திருப்புவார்கள். தலை சற்றே தாழ்ந்து எழும் வளைவில் பின்தொடரும். வழியில் இமை ஒருமுறை மூடித் திறக்கும். பிறகு தோள். கூந்தல் கடைசியாக வந்து அடங்கும்.

முகத்துக்கு உடற்கூறியல் துணை நிற்கிறது. மகிழ்ச்சியான சிரிப்பில் வாயோரம் உயர்வதோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இல் எழுதினார். முகத்தசைகளின் அசைவுகளைத் தனித்தனியே பிரித்து எண்ணிட்டு, 1978இல் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் ஒரு முறையை வெளியிட்டார்கள். 2002இல் வந்த 'தி டூ டவர்ஸ்' படத்தில் கோலம் என்ற பாத்திரத்தின் முகத்தை உருவாக்கியவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். இன்றும் பாத்திரங்களின் முகத்தை வடிவமைக்க அது கைகொடுக்கிறது. ஆனாலும் இரண்டு புருவமும் ஒரே அளவில், ஒரே கணத்தில் உயர்ந்தால் முகம் முகமூடியாகிவிடும். ஒரு பக்கம் சற்று முந்த வேண்டும்.

செப்பனிடுவது என்றால் அசைவைக் கூட்டிக்கொண்டே போவதல்ல. 1937இல் வெளியான டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்தில், நாயகி இறந்துவிட்டாள் என்று நம்பிக் குள்ளர்கள் அழும் காட்சிக்கு அசைவூட்டியவர் ஃபிராங்க் தாமஸ். அதில் அசைவு மிகக் குறைவு. தாழ்ந்த தலையும் தளர்ந்த தோளும் வழியும் கண்ணீருமே துயரத்தைச் சொல்லிவிடுகின்றன.

அனிமேஷன் பழகும் இளைஞர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒலியை நிறுத்தி, பாத்திரத்தின் முகத்தைக் கையால் மறைத்துவிட்டுக் காட்சியை ஓடவிடுங்கள். உடல் மட்டுமே உணர்ச்சியைச் சொன்னால், முகத்தில் வேலையைத் தொடங்கலாம். சொல்லாவிட்டால், எத்தனை நுணுக்கமான புருவ அசைவும் அதை ஈடுகட்டாது. நிலைகளைத்தான் மறுபடி அமைக்க வேண்டும்.