முதல் கார் வாங்கும் நண்பர்களுக்கு

பதினெட்டு முடிந்து லைசென்ஸ் வந்ததும் பழைய காரில் நம்ம பசங்க முதலில் பார்ப்பது கலரும் ஸ்டீரியோவும்தான். நான் சொல்வது, முதலில் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள்.

2019 ஏப்ரலிலிருந்து தயாரான கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம், ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயம். புதுசா ஓட்டுகிறவன் பதறிப்போய் பிரேக்கை ஒரேயடியாக மிதிப்பான். ஏ.பி.எஸ். இருந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகலாம்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணையணும். எரியவே இல்லையா? அந்தக் காரை விட்டுவிடுங்கள். டயரில் 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு. பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் டயரை மாற்றணும்.

வளையலை அடகு வைத்துப் பணம் தரும் அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை பத்திரமாகத் திரும்பணும். சீட் பெல்ட்டைப் போட்டுக் கிளம்புங்கள்!