மணி பதித்த புலி: கொங்கு நாட்டுக் கம்மியரின் கைத்திறன்

நாமக்கல் மாவட்டத்தின் தென்மேற்கு எல்லையில் ஓடும் காவிரியில், எதிர்க்கரையிலிருந்து நொய்யல் வந்து கலக்கிறது. அந்த நொய்யலின் வடகரையில் உள்ள ஊர் கொடுமணல். தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் இங்கு அகழாய்வைத் தொடங்கியது. கொடுமணலின் அரிய கண்டெடுப்புகளில் ஒன்று, உடலில் சூதுபவளமும் நீலக்கல்லும் பதித்த சிறிய உலோகப் புலி. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் காட்டு விலங்கை உலோகத்தில் வடித்த கலைஞர் இந்த மண்ணில் வாழ்ந்ததற்கு அது சான்று.

உலோகமும் மணியும்
கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணிகளை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய பட்டறைகளின் தடயங்களும் கிடைத்துள்ளன. உலோக வேலையும் மணி வேலையும் ஒரே ஊரில் நடந்தன. இரண்டு திறனும் இந்தப் புலியில் ஒன்றுகூடின. பதிற்றுப்பத்தில் இடம்பெறும் கொடுமணம் இவ்வூரே என்பர் ஆய்வாளர்.

பெயர்கள்
இங்குள்ள பானை ஓடுகளில் ஆதன், சம்பன், சுமணன் போன்ற பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. புலியைச் செய்தவர் பெயர் எங்கும் இல்லை; அவரது கைத்திறன் மட்டும் நிலைத்திருக்கிறது.

வார்ப்பு முறை
உலோக உருவங்களை வார்க்கும் ஒரு முறை இது: தேன்மெழுகில் உருவம் செய்து, மண் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடிப்பர். அந்த வெற்றிடத்தில் உருகிய வெண்கலத்தை ஊற்றுவர். வார்ப்பை எடுக்க மண் அச்சை உடைக்க வேண்டும். அதனால் ஓர் அச்சில் ஒரே உருவம்தான். சுவாமிமலையில் இம்முறை இன்றும் தொடர்கிறது.

மேலும் காண
ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் அகழ்ந்தெடுத்த, எருமை, பறவை உருவங்கள் அமைந்த வெண்கலக் கலன்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன.