சிவப்பணுவைக் காக்கும் நொதி

மலேரியாக் காய்ச்சல் மீண்டும் மீண்டும் தோன்றாமல் தடுப்பதற்குப் பிரைமகுவின் என்னும் மருந்து வழங்கப்படுகிறது. ஒரே மருந்து, ஒரே அளவு. ஆயினும் அதை உட்கொள்ளும் எல்லோரிடத்தும் அது ஒரே விதமாகச் செயற்படுவதில்லை. பெரும்பாலோர் குறிப்பிடத்தக்க தொல்லை எதுவுமின்றி நலம் பெறுகின்றனர். சிலருக்கோ, மருந்தை உண்ணத் தொடங்கிய இரண்டு மூன்று நாட்களில் சிறுநீர் கறுத்துவிடுகிறது. கண்கள் மஞ்சள் நிறமடைகின்றன. உடல் வெளிறிச் சோர்வு மிகுகிறது. அவர்களுடைய இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் பெருமளவில் சிதைந்து அழிவதே இதற்குக் காரணமாகும்.

மருந்தில் குற்றமில்லை, அளவிலும் தவறில்லை. எனில், இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? விடை சிவப்பணுவின் உள்ளேயே இருக்கிறது. அங்கு வேலை செய்ய வேண்டிய ஒரே ஒரு நொதி குறைவாக இருப்பதே இத்தனை விளைவுகளுக்கும் மூலம். அந்த நொதியின் வரலாற்றை அறிந்துகொண்டால், உயிரணுக்களில் இடையறாது நிகழும் இரசாயன மாற்றங்கள் எவ்வளவு ஒழுங்குடன் அமைந்துள்ளன என்பதும் விளங்கும்.

நொதி என்பது யாது?

அரைத்து வைத்த மாவு இரவில் புளித்துப் பொங்குவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். இதனை நொதித்தல் என்கிறோம். இம்மாற்றத்தை நிகழ்த்துபவை கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள். அந்நுண்ணுயிர்கள் கையாளும் கருவிகளே நொதிகள். 1833-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பயான், பெர்சோ என்னும் இருவர், முளைவிட்ட பார்லியிலிருந்து மாவுப் பொருளைச் சர்க்கரையாக மாற்றவல்ல ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். ஆயினும், நொதித்தல் நிகழ உயிருள்ள அணு இன்றியமையாதது என்றே அந்நூற்றாண்டில் பலர் நம்பினர். 1897-இல் ஜெர்மன் விஞ்ஞானி எடுவர்ட் புக்னர் ஈஸ்ட் அணுக்களை மணலுடன் சேர்த்து அரைத்துப் பிழிந்து, உயிரணு ஒன்றுகூட இல்லாத சாற்றைப் பெற்றார். அச்சாறும் சர்க்கரையைச் சாராயமாக மாற்றியது. இக்கண்டுபிடிப்புக்காக 1907-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. பின்னர் 1926-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் சம்னர், வாளவரை இனத்தைச் சேர்ந்த ஒரு விதையிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாகப் பிரித்து, அது ஒரு புரதமே என்று காட்டினார்.

நொதியின் பணியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு புட்டியில் சர்க்கரையைப் போட்டு வைத்தால், காற்றிலுள்ள பிராணவாயு அதனைப் பல ஆண்டுகளாயினும் எரிப்பதில்லை. தீயிலிட்டால்தான் அது எரியும். ஆனால் நம் உடலிலோ, 37 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையிலேயே அதே சர்க்கரை ஆக்ஸிகரணமடைந்து சக்தியைத் தருகிறது. எந்த இரசாயன மாற்றமும் தொடங்குவதற்கு முன் ஒரு தடையைத் தாண்டியாக வேண்டும். தீயின் வெப்பம் மூலக்கூறுகளை உந்தி அத்தடையைத் தாண்டச் செய்கிறது. நொதியோ தடையின் உயரத்தையே குறைத்துவிடுகிறது. மாற்றம் முடிந்தபின் நொதி தான் மாறாமல் மீண்டு, அடுத்த மூலக்கூறை ஏற்கிறது. சிவப்பணுவிலுள்ள கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதியின் ஒரு மூலக்கூறு, ஒரு நொடியில் சுமார் 10 இலட்சம் கரியமில வாயு மூலக்கூறுகளை மாற்றவல்லது.

நொதிகளின் மற்றொரு சிறப்பு, அவை ஆளறிந்து பழகுவதாகும். ஒவ்வொரு நொதியின் புரத மடிப்பிலும் ஒரு சிறு பள்ளம் அமைந்துள்ளது. அதனுள் பொருந்தும் வடிவமுள்ள பொருளையே அது ஏற்கும். பூட்டுக்கு ஏற்ற திறவுகோல் போன்றது இப்பொருத்தம் என்று 1894-இல் எமில் ஃபிஷர் கூறினார். பொருளை ஏற்கும்போது பள்ளமும் சற்றே நெகிழ்ந்து இணங்குகிறது என்பது பின்னர் அறியப்பட்டது.

படிப்படியாய் நிகழும் மாற்றம்

உயிரணுவில் எந்தப் பொருளும் ஒரே தாவலில் மற்றொரு பொருளாக மாறுவதில்லை. குளுக்கோஸ் பைருவிக் அமிலமாக மாறுவதற்கு 10 படிகள் உள்ளன. ஒவ்வொரு படிக்கும் தனித்தனி நொதி உண்டு. ஒரு நொதி ஆக்கித் தருவதை அடுத்த நொதி ஏற்கிறது. இவ்வாறு தொடராக அமைந்த மாற்றங்களையே வளர்சிதைமாற்றப் பாதை என்கிறோம். குளுக்கோஸின் இப்பாதையை எம்டன், மேயர்ஹோஃப், பார்னஸ் முதலியோரின் ஆய்வுகள் 1940-ஆம் ஆண்டளவில் தெளிவாக்கின.

படிப்படியாக நிகழ்வதால் இரண்டு நன்மைகள் உண்டாகின்றன. ஒன்று, சக்தி ஒரேயடியாக வெப்பமாக வெளியேறி வீணாகாமல், சிறிது சிறிதாக ஏ.டி.பி. என்னும் பொருளில் சேமிக்கப்படுகிறது. மற்றொன்று, ஆற்றுநீர் மதகுகளின் வழியே பல கால்வாய்களில் பிரிந்து செல்வதைப் போல, இடையில் உண்டாகும் பொருள்களைத் தேவைக்கேற்ப வேறு பாதைகளில் திருப்பிவிட முடிகிறது.

அத்தகைய ஒரு கிளைப்பாதை முதற்படியிலேயே பிரிகிறது. குளுக்கோஸுடன் பாஸ்பேட் சேர்ந்து குளுக்கோஸ்-6-பாஸ்பேட் உண்டானதும், அதன் ஒரு பகுதி கிளைப்பாதையில் செல்லக்கூடும். அப்பாதையின் வாயிலில் மதகுபோல் நிற்பது குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி. சுருக்கமாக இதனை ஜி-6-பி-டி என்பர். 1931-இல் ஓட்டோ வார்பர்க்கும் வால்ட்டர் கிறிஸ்டியனும் இந்நொதியை விவரித்தனர். இது குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டிலிருந்து ஹைட்ரஜனை எடுத்து என்.ஏ.டி.பி. என்னும் துணைப்பொருளிடம் ஒப்படைக்கிறது. ஹைட்ரஜனை ஏற்ற அத்துணைப்பொருள் என்.ஏ.டி.பி.எச். எனப்படும்.

மதகைத் திறப்பதும் அடைப்பதும் யார்? என்.ஏ.டி.பி.எச். மிகுதியாகத் தேங்கினால் அதுவே நொதியின் வேலையைத் தடுக்கிறது. அது செலவாகி என்.ஏ.டி.பி. பெருகினால், நொதி விரைந்து செயற்படுகிறது. விளைபொருளின் அளவே உற்பத்தியின் வேகத்தை நிர்ணயிக்கும் இவ்வேற்பாட்டுக்கு வெளியிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் தேவையில்லை.

சிவப்பணுவின் நிலைமை

சிவப்பணு பிராணவாயுவைச் சுமந்து செல்வது. அச்சுமையே அதற்கு ஆபத்தாகவும் அமைகிறது. பிராணவாயுவிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்ற கொடிய பொருள்கள் ஓயாமல் தோன்றிக்கொண்டிருக்கின்றன. அவை ஹீமோகுளோபினையும் அணுவின் மேலுறையையும் கெடுக்கவல்லவை. அவற்றை அடக்கும் பொறுப்பு, மூன்று அமினோ அமிலங்களாலான குளுட்டாதயோன் என்னும் பொருளுடையது. அது பெராக்ஸைடை நீராக மாற்றுகிறது. அம்முயற்சியில் தன் ஹைட்ரஜனை இழக்கிறது. இழந்ததை மீண்டும் அளிப்பது என்.ஏ.டி.பி.எச். ஆகும்.

மற்ற உயிரணுக்களில் என்.ஏ.டி.பி.எச். கிடைப்பதற்கு வேறு வழிகளும் உள்ளன. முதிர்ந்த சிவப்பணுவிலோ உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. எனவே ஜி-6-பி-டி காக்கும் கிளைப்பாதை ஒன்றே அதற்குப் புகலிடம். மேலும், புதிய புரதம் எதையும் அதனால் ஆக்கிக்கொள்ள இயலாது. பிறக்கும்போது பெற்ற நொதிகளை வைத்துக்கொண்டே ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்ந்தாக வேண்டும். வயது ஏற ஏற அந்நொதிகளின் திறனும் தேய்கிறது. பரம்பரைக் குறையால் நொதி எளிதில் சிதையும் தன்மையுடையதாக இருப்பின், முதிர்ந்த அணுக்களில் அது மிகச் சிறிதளவே எஞ்சியிருக்கும். சாதாரண நாட்களில் அச்சிறிதளவே போதுமானதாக இருக்கலாம். பிரைமகுவின் உடலில் மாற்றமடையும்போது தோன்றும் சில பொருள்கள் ஆக்ஸிகரணத்தைத் தூண்டுகின்றன. அப்பொழுது தேவை பன்மடங்காகிறது, அதை ஈடுசெய்ய இயலாமல் ஹீமோகுளோபின் திரிந்து கட்டியாகிறது, அணு உடைகிறது.

புதிர் விடுபட்ட வரலாறு

பிரைமகுவினுக்கு முன்னோடியான பாமகுவின் என்னும் மருந்து 1920-களில் ஜெர்மனியில் தோன்றியது. அதை உண்டோருள் சிலருக்கு இரத்தம் சிதைவது அப்பொழுதே காணப்பட்டது. இரண்டாம் உலகப் போரும் கொரியப் போரும் மலேரியா ஆய்வுக்கு அவசரத்தைத் தந்தன. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறைச்சாலையில், ஆல்விங் என்பவரின் தலைமையில் கைதிகளிடத்தே மருந்துச் சோதனைகள் நடைபெற்றன. சிறையில் இருப்போரின் இசைவு உண்மையான இசைவாகுமா என்னும் கேள்வி பிற்காலத்தில் வலுவாக எழுந்தது. இன்று அத்தகைய ஆய்வுகளுக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன.

குறை நோயாளியின் உடலில் உள்ளதா, அன்றிச் சிவப்பணுவிலேயே உள்ளதா என்பதே அவர்கள் முதலில் தீர்க்க வேண்டியிருந்த வினா. மருந்தினால் பாதிக்கப்பட்டவரின் சிவப்பணுக்களைக் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டு, பாதிக்கப்படாத ஒருவரின் உடலில் செலுத்தி மருந்தைக் கொடுத்தனர். செலுத்தப்பட்ட அணுக்கள் மட்டும் அழிந்தன. மாறாக, நல்ல அணுக்களைப் பாதிக்கப்படுவோரின் உடலில் செலுத்தியபோது அவை அழியாமல் நின்றன. குறை அணுவிலேயே உள்ளது என்பது 1954-இல் இவ்வாறு உறுதியாயிற்று. மருந்தினால் அழிபவை முதிர்ந்த அணுக்களே என்பதும் தெரிய வந்தது. அத்தகையோரின் அணுக்களில் குளுட்டாதயோன் குறைந்திருப்பது அடுத்துப் புலப்பட்டது. அத்தடத்தைப் பின்பற்றிச் சென்று, 1956-இல் கார்சன், ஃபிளானகன், இக்கெஸ், ஆல்விங் ஆகியோர் ஜி-6-பி-டி குறைவே மூலகாரணம் என்று கண்டறிந்து வெளியிட்டனர்.

பரம்பரையும் மலேரியாவும்

இந்நொதி 515 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியாகும். அதற்குரிய ஜீன் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஆதலின், அதில் குறை இருப்பின் எல்லாச் சிவப்பணுக்களிலும் குறை தோன்றும். இரண்டு எக்ஸ் உடைய பெண்ணுக்கு ஒன்றில் மட்டும் குறை இருப்பின், சில அணுக்கள் நல்லனவாகவும் சில குறையுடையனவாகவும் கலந்திருக்கும். சங்கிலியில் ஒரு மணி மாறினாலே போதும், நொதி பழுதுபடுகிறது. மத்தியதரை வகை எனப்படும் குறையில், 188-ஆம் இடத்திலுள்ள செரீனுக்குப் பதிலாகப் பெனைல் அலனின் அமைந்துள்ளது. இந்தியாவில் மத்தியதரை வகையுடன், கேரளா-கல்யாண் வகையும் ஒடிசா வகையும் பரவலாகக் காணப்படுகின்றன.

உலகில் சுமார் 40 கோடி மக்களுக்கு இக்குறை இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. தீமை விளைக்கும் ஒரு குறை இவ்வளவு பரவியிருப்பதேன்? அது மிகுந்துள்ள நாடுகள் பெரும்பாலும் மலேரியா நெடுங்காலமாக நிலைத்திருந்த நாடுகளே. மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் வாழ்வது. நொதி குறைந்த அணு அதற்கு ஏற்ற வீடாக அமைவதில்லை. ஆகவே இக்குறை கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பளித்திருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். மலேரியாவிலிருந்து மக்களைக் காத்த அதே குறை, மலேரியா மருந்தினால் ஆபத்துக்கு உள்ளாக்குகிறது என்பது வியப்புக்குரியது.

மருத்துவத்தில் இவ்வறிவின் பயன்

விவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து விழித்தெழுந்து மீண்டும் காய்ச்சலை உண்டாக்கும். உறங்கும் கிருமியை அழிக்கப் பிரைமகுவின் இனத்து மருந்துகளே உள்ளன. எனவே இந்தியாவில் விவாக்ஸ் நோயாளிகளுக்குப் பிரைமகுவினை 14 நாட்கள் வழங்குவது முறையாக உள்ளது. கைக்குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அது கொடுக்கப்படுவதில்லை. 2030-ஆம் ஆண்டுக்குள் மலேரியாவை ஒழித்துவிடுவது நாட்டின் குறிக்கோள். காடுகளும் மலைகளும் சூழ்ந்த பழங்குடிப் பகுதிகளில் மலேரியாவும் நொதிக் குறைவும் சேர்ந்தே காணப்படுவதால், மருந்தைக் கொடாமலிருப்பதும் தீங்கு. அறியாமல் கொடுப்பதும் தீங்கு.

இதற்கு வழி சோதனையாகும். என்.ஏ.டி.பி.எச். புற ஊதாக் கதிர்பட்டால் ஒளிர்வது. நோயாளியின் இரத்தத்தில் ஒரு துளியைக் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டும் என்.ஏ.டி.பி.யும் கலந்த நீர்மத்தில் சேர்த்து, வடிதாளில் இட்டு, அக்கதிரின் கீழ் நோக்கினால் நல்ல இரத்தம் ஒளிரும். குறையுள்ள இரத்தம் இருண்டிருக்கும். எளிய இம்முறையை 1960-களில் எர்னஸ்ட் பாய்ட்லர் வகுத்தார். ஆயினும், அணுக்கள் சிதைந்த உடனே சோதித்தால் முதிர்ந்தவை அழிந்து இளம் அணுக்களே எஞ்சியிருப்பதால், குறை மறைந்து தோன்றக்கூடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். குறையுடையோருக்கும் மருத்துவரின் கண்காணிப்பில் வாரத்திற்கு ஒருமுறையாக 8 வாரங்கள் பிரைமகுவின் அளிக்கும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது.

ஆபத்து மலேரியா மருந்தோடு முடிவதில்லை. துணிப்பெட்டியில் இடும் நாப்தலீன் அந்துருண்டையின் நெடி, குறையுடன் பிறந்த குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சட்காமாலையை உண்டாக்கக்கூடும். உருண்டைகளோடு நெடுநாள் மடித்து வைத்திருந்த துணியைக் காற்றாட உலர்த்தாமல் குழந்தைக்குப் போர்த்துவது தகாது. மத்தியதரைக் கடல் நாடுகளில், ஒருவகைப் பெரிய மொச்சையை உண்பதும் சிலருக்கு இதே கேட்டைத் தருவது நெடுங்காலமாக அறியப்பட்டதாகும்.

இக்குறையைப் போக்க மருந்து இல்லை. ஆனால் பெரும்பாலோருக்கு அது தேவையுமில்லை. எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை அறிந்தவர், மற்றவர்களைப் போலவே முழு வாழ்வு வாழலாம். ஒரு துளி இரத்தத்தைச் சோதித்து, அதன் முடிவை ஒரு சீட்டில் குறித்து நோயாளியின் கையில் கொடுத்தால், அவர் பிற்காலத்தில் எந்த மருத்துவரிடம் சென்றாலும் அச்சீட்டு அவரைக் காக்கும்.