கட்டணம் வாங்கித் தருவது என்ன?

பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது வசதியுள்ளவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. மாதம் இருபதாயிரம், முப்பதாயிரத்தில் குடும்பம் நடத்துபவர்களுக்குத்தான் அது தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. நகையை அடகு வைத்தோ சீட்டை எடுத்தோ முதல் பருவக் கட்டணத்தைக் கட்டி முடித்தால், வேன், புத்தகம், சீருடை, ஷூ, ஆண்டு விழா என்று அடுத்தடுத்து ரசீதுகள் வந்துகொண்டே இருக்கும். தனியார் பள்ளியில் படிப்பு நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இத்தனையும் தாங்கிக்கொள்ளப்படுகிறது. குறைந்த கட்டணமும் நடுத்தரக் கட்டணமும் வாங்கும் பள்ளிகளைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே என் கருத்து.

பலரும் உடனே தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டுவார்கள். 2025 பிளஸ் 2 தேர்வில் தனியார் பள்ளிகள் 98 விழுக்காட்டைத் தாண்டின. அரசுப் பள்ளிகள் 92 விழுக்காட்டை ஒட்டி நின்றன. வித்தியாசம் உண்மைதான். ஆனால் 2011இல் சமச்சீர் கல்வி நடைமுறைக்கு வந்ததிலிருந்து, மாநிலப் பாடத்திட்டத்தில் உள்ள மெட்ரிக் பள்ளியிலும் அரசுப் பள்ளியிலும் ஒரே பாடத்திட்டம், ஒரே பொதுத்தேர்வு. அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அப்பா, அம்மா படித்திருக்கிறார்களா, வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறதா, மாலையில் டியூஷனுக்குக் காசு இருக்கிறதா என்பவை பள்ளி வாசலை மிதிக்கும் முன்பே பிள்ளைகளைப் பிரித்துவிடுகின்றன. ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளையின் கையில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பும் தனியார் பள்ளிகளும் உண்டு. அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது அரசுப் பள்ளிதான்.

வீட்டின் பங்கையும் பள்ளியின் பங்கையும் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, ஆந்திரப் பிரதேசத்தில் 2008இல் தொடங்கி நடந்தது. தனியார் பள்ளிக்குப் போக விரும்பிய ஏழைக் குடும்பங்களிடம் விண்ணப்பம் வாங்கி, குலுக்கலில் பெயர் வந்த பிள்ளைகளுக்கு மட்டும் கட்டணம் செலுத்தினார்கள். பெயர் வந்த பிள்ளைக்கும் வராத பிள்ளைக்கும் வீட்டுச் சூழல் ஏறக்குறைய ஒன்றுதான். பெற்றோரின் ஆசையும் ஒன்றுதான். நான்கு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது தெலுங்கு, கணிதம், ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் எதிலும் இரு தரப்புக்கும் மதிப்பெண்ணில் வேறுபாடு தெரியவில்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் நன்றாக முந்தியிருந்தார்கள். அந்தப் பள்ளிகளில் அது பாடமாக இருந்தது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015இல் வெளியிட்ட இந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு மாணவருக்குத் தனியார் பள்ளி செய்த செலவு, அரசுப் பள்ளி செய்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படியானால் தனியார் பள்ளிதானே திறமையானது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரசுக் கருவூலத்தின் பார்வையில் அது நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சிக்கனத்தில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்தைக் குறைத்துச் செய்யப்படுவது. தமிழ்நாட்டில் அரசு இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய், படிகள் தனி. சிறிய ஊர்த் தனியார் பள்ளிகளில் அதில் பாதிகூட வாங்காத ஆசிரியைகள் ஏராளம். பெற்றோரின் கணக்கோ வேறு. காசில்லாமல் கிடைக்கும் அதே கற்றலுக்கு அவர்கள் கடன் வாங்கிக் காசு கட்டுகிறார்கள்.

ஆங்கிலத்துக்காகத்தான் அனுப்புகிறோம் என்பார்கள். அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். வேலைச் சந்தை அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஆங்கிலமே கேட்காத பிள்ளை 'போட்டோசிந்தசிஸ்' என்று பிழையில்லாமல் எழுதிவிட்டு, இலை தனக்கு உணவை எப்படித் தயாரிக்கிறது என்று தமிழில் கேட்டால் விழிக்குமானால், அதற்கு ஆங்கிலமும் வரவில்லை, அறிவியலும் வரவில்லை. தவிர, ஆங்கில வழிப் பிரிவுகள் அரசுப் பள்ளிகளிலேயே பத்தாண்டுகளுக்கும் மேலாக நடக்கின்றன.

இதைவிட வலுவான மறுப்பு, ஆசிரியர் பற்றாக்குறை. ஈராசிரியர் பள்ளி ஒன்றில் ஒரே அறையில் மூன்று வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி அவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்து, ஒரு குழுவுக்குச் செயல்பாட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த குழுவிடம் ஆசிரியர் போக வேண்டும். இருவரில் ஒருவர் விடுப்பு எடுத்தாலோ பயிற்சிக்குப் போனாலோ ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில் விழும். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. வகுப்பு ஐந்து என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை. இந்த விதியை மாற்றியே ஆக வேண்டும். பிள்ளைகள் குறையக் குறைய ஆசிரியர் உபரியாகக் காட்டப்பட்டு, பணிநிரவலில் வேறு ஊருக்குப் போகிறார். அதைப் பார்த்து இன்னும் சில பெற்றோர் விலகுகிறார்கள். இப்படிப்பட்ட பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த எனக்கு மனம் வராது. ஆனால் அங்கிருந்து நேரே தனியார் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. சற்றுத் தள்ளி வகுப்புக்கொரு ஆசிரியர் உள்ள நடுநிலைப் பள்ளி இருக்கலாம். அரசே சம்பளம் தரும் உதவிபெறும் பள்ளிகள் மாநிலத்தில் எட்டாயிரம் அளவுக்கு இருக்கின்றன. பேச்சில் அவை ஏனோ விடுபட்டுப் போகின்றன.

தொடக்கப் பள்ளி வரை அரசிடம், ஆறாம் வகுப்பிலிருந்து தனியாரிடம் என்று திட்டமிடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021இலும் சட்டமாக வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதே அடிப்படை நிபந்தனை. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அந்த ஏழு ஆண்டுகளைத்தான் பார்க்கிறது. ஆறாம் வகுப்பில் வெளியேறினால், பிள்ளையின் கல்லூரிச் செலவை அரசு ஏற்கும் வாய்ப்பும் கூடவே போய்விடும்.

சேர்க்கும் முன் அந்தப் பள்ளிக்கே ஒரு வேலைநாளில் போய்ப் பார்ப்பது நல்லது, அரசோ தனியாரோ. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். எத்தனை ஆசிரியர், இந்த ஆண்டு எத்தனை பேர் மாறினார்கள் என்று விசாரிக்கலாம். அரசுப் பள்ளியில் குறை தெரிந்தால் கேட்பதற்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடப்பதை அங்கே தீர்மானமாக எழுதிக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பலாம். கட்டணம் கட்டும் பள்ளியில் பெற்றோருக்கு அந்த இடம் கிடையாது.