ஆளில்லா விமானமும் ஹட் பே குடும்பங்களும்

தண்டவாளமே இல்லாத தீவைப் பற்றி ஒரு ரயில்வே குமாஸ்தா எழுதுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் சரக்குக் கணக்கு எவ்விடத்தும் ஒன்றே. எப்பொருளை எவ்வாகனத்தில் ஏற்றினால் கூலி கட்டும் என்பதே அதன் சாரம். பத்தாவது தேறிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு, 'டிரோன் தொழிலில் இறக்கலாமா?' என்று யோசிக்கும் பெற்றோருக்காக அக்கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

சிறிய அந்தமானின் முக்கிய ஊராகிய ஹட் பே, 2024 வரை போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திற்குத் தெற்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கப்பலும் ஹெலிகாப்டருமே போக்குவரத்து. கடல் கொந்தளித்தால் மருந்தும் காத்திருக்க வேண்டும், நோயாளியும் காத்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது பட்ட துன்பத்தை அங்குள்ளோர் மறந்திலர்.

இக்குறையை ஆகாய மார்க்கமாகத் தீர்க்கும் முயற்சி புதிதன்று. 2021 செப்டம்பரில், அந்தமான் நிக்கோபார், மணிப்பூர், நாகாலாந்து ஆகிய இடங்களில் டிரோன் மூலம் தடுப்பூசி அனுப்பிப் பார்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திற்கு மத்திய சர்க்கார் அனுமதி தந்தது. அடுத்த மாதமே மணிப்பூரில், லோக்டக் ஏரியிலுள்ள கராங் தீவிற்குத் தடுப்பூசி பறந்து சென்றது. சாலை வழியே 26 கிலோமீட்டர். வான் வழியே 15 கிலோமீட்டர். கால் மணி நேரத்திற்குள் வேலை முடிந்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? எடை குறைந்து, விலையும் அவசரமும் மிகுந்த சரக்கே டிரோனுக்கு ஏற்றது. மருந்து, தடுப்பூசி, இரத்த மாதிரி ஆகியவை அவ்வகை. அரிசியும் சிமெண்டும் என்றும் கப்பலுக்கே உரியவை. மின்கலத்தில் இயங்கும் சிறு டிரோன்கள் பெரும்பாலும் சுமார் அரைமணி நேரமே பறக்க வல்லவை. நூறு கிலோமீட்டர்க் கடலைத் தாண்டுவது அவற்றால் ஆகாது. ஆகவே ஹட் பே இளைஞருக்கு இன்று கிட்டக்கூடிய பிழைப்பு தீவிற்குள்ளேயே தேட வேண்டியது. நில அளவை, தென்னை கமுகுத் தோட்டங்களைப் பார்வையிடல், மருந்து தெளித்தல், புயலுக்குப் பின் கூரைகளையும் படகுத்துறையையும் படமெடுத்தல் போன்றவை அவை. 2020இல் தொடங்கிய 'ஸ்வமித்வா' திட்டத்தில் கிராம மனைகள் டிரோன் கொண்டே அளக்கப்பட்டன. அந்தமானும் அதில் அடங்கும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, தொழில்முறையில் ஓட்டுவோருக்கு 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் பயிற்சியும் வேண்டும். சான்றிதழ் பத்தாண்டு செல்லும். 250 கிராமுக்கு உட்பட்டவை நீங்கலாக, மற்றவற்றிற்குப் பிறர் சேத இன்ஷூரன்ஸ் அவசியம். விதி மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வான்வெளி சிவப்பு, மஞ்சள், பச்சை என மூவகைப்பட்டது. கடற்படைத் தளங்கள் உள்ள இத்தீவுகளில் அந்த வரைபடத்தைப் பாராமல் பறக்கவிடுதல் கூடாது. டுகாங் கிரீக்கில் வாழும் ஓங்கே மக்களின் ஒதுக்கு நிலமோ 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்படுவது. நமது கால் நுழையத்தகாத இடத்தில் நமது கேமராவும் நுழையலாகாது.

கல்விக்குக் குறைவில்லை. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் 'தக்ஷா' குழுவினர், டிரோனில் மருத்துவப் பொருள் எடுத்துவரும் போட்டியில் 2018இல் ஆஸ்திரேலியா சென்று இரண்டாமிடம் பெற்றனர். நம்மவர் கைக்கு எட்டாத வித்தை அன்று இது.

ஆதலின் நாம் சொல்ல விரும்புவது இதுவே. தாயின் தாலிக்கொடியை அடகு வைத்து முதலில் இயந்திரம் வாங்காதீர்கள். உப்புக் காற்றும் நெடுமழையும் இயந்திரத்திற்குப் பகை. பழுது பார்க்கக் கப்பலேற்றி அனுப்ப நேரிடும். அந்நாட்களில் வருமானம் இராது. முதலில் சான்றிதழ், அடுத்து ஓராண்டு பிறரிடம் வேலை, அதன்பின் நாலைந்து குடும்பங்கள் கூடி ஒரு டிரோன் என்பதே விவேகமான வரிசை. சுய உதவிக் குழு மகளிர்க்கென 2023இல் மத்திய சர்க்கார் ஒப்புதல் அளித்த 'நமோ டிரோன் தீதி' திட்டம், விலையில் 80 சதவீதம், எட்டு லட்சம் ரூபாய் வரை உதவ வகை செய்தது. அத்தகைய உதவி இப்போது உண்டா என்று அலுவலகத்தில் விசாரித்த பிறகே கடனைப் பற்றி எண்ணுங்கள்.

பறப்பது இயந்திரமாக இருக்கட்டும். குடும்பத்தின் கால்கள் தரையில் ஊன்றி நிற்கட்டும்.